மீசை முளைக்காதவனை ஏசும் சமூகம்

பதினெட்டு வயதாகியும் ஒரு பையனுக்கு மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை என்றால் எம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் சிரிக்கிறார்கள். பிறகு பட்டப்பெயர் வைக்கிறார்கள். இருபத்தைந்து வயதானதும் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு தரகரிடம் ஓடுகிறார்கள். "கலியாணம் கட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது ஊர்ப் பெரியவர்களின் தீர்ப்பு. வைத்தியரிடம் கூட்டிச்செல்ல மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. இதைக் கொடுமை என்றே நான் சொல்வேன்.

இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இருப்பது கல்மன் நோய்க்குறி. அது குடும்ப வழியாக வருவதை 1944 இல் அமெரிக்காவில் பிரான்ஸ் கல்மன் என்ற மனநல வைத்தியர் விவரித்து எழுதினார். பருவமடைதலைத் தொடக்கிவைக்கும் நரம்புக் கலங்கள், கருவில் மூக்குப் பகுதியில் தோன்றி, மணத்தை அறியும் நரம்புகளின் வழியே மூளைக்குச் செல்லவேண்டும். மரபணுக் கோளாறு அந்தப் பயணத்தைத் தடுத்துவிடுகிறது. விளைவு, ஆண் ஹோர்மோனும் சுரப்பதில்லை, மணமும் தெரிவதில்லை. சுமார் 30,000 ஆண்களுக்கு ஒருவர் என்பது பொதுவான மதிப்பீடு. அந்தக் கணக்குப்படி இலங்கையில் சில நூறு பேராவது இருக்கவேண்டும்.

மாத்தளையின் ஏலமும் கராம்பும் மணக்கும் வீதிகளைக் கடந்து கண்டிக்கு வருபவர்கள் நாம். "தம்பி, உனக்கு மல்லிகைப் பூ மணக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், சந்தேகம் எழுந்திருக்கும். பிறவியிலேயே மணம் அறியாதவன் அதைத் தானாகச் சொல்லமாட்டான். மற்றவர்கள் "நல்ல வாசம்" என்றால் அவனும் தலையாட்டிவிடுவான்.

மீசை இல்லாதது சிறிய விடயம். டெஸ்டோஸ்டெரோன் இல்லாமல் ஆண்டுகள் கழியும்போது எலும்பு பலமிழக்கிறது, இரத்தம் குறைகிறது, சோர்வும் மனச்சோர்வும் சேருகின்றன. இதற்குச் சிகிச்சை இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி நெடுங்காலமாகவே உண்டு. பத்து முதல் பதினான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் வந்துவிட்டது. பெரும்பாலானோருக்கு இது வாழ்நாள் சிகிச்சை. இடையிடையே இரத்தமும் எலும்பும் பரிசோதிக்கப்படவேண்டும். தாடி வந்துவிட்டது என்று நிறுத்திவிடக்கூடாது. இந்த ஊசி பிள்ளைப்பேற்றைத் தராது என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு வேறு ஹோர்மோன் ஊசிகள் உண்டு. மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் போட்டால் பலர் தந்தையாகிறார்கள். இதை அறியாமல் எத்தனை ஆண்கள் மலடன் என்ற பெயரோடு வாழ்ந்து முடித்தார்களோ!

என் தொழிலைச் சேர்ந்தவர்களையும் இங்கே சும்மா விடமுடியாது. "ஆண்மைக் குறைவா? கவலை வேண்டாம்" என்ற லேகிய விளம்பரங்களை வெட்கமின்றி வெளியிடும் பத்திரிகைகள், ஹோர்மோன் குறைபாடு பற்றி ஒரு பத்தி எழுத மட்டும் கூச்சப்படுகின்றன. மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளையே வராதபோது லேகியம் என்ன செய்யும்?

அடுத்தது மொழி. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து ஒருவர் ஒருநாள் சம்பளத்தை இழந்து கண்டிக்கு வருகிறார். தமிழ் அரச கரும மொழியானது 1987 இல். ஆனாலும் மலையகத்தின் அரச வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் வைத்தியர்களும் தாதியரும் போதாது. ஆகவே மொழிபெயர்க்க அக்காவின் மகன் கூட வருகிறான். அந்தரங்கமான கேள்விகளை மருமகன் தமிழில் கேட்க, மாமன் என்ன பதில் சொல்வார்? "ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார். கிளினிக் புத்தகத்திலும் அதுவே பதிவாகும்.

சிலருக்குத்தானே இந்த நோய், இதற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2022 இன் நெருக்கடியில் மருந்துகள் தீர்ந்தபோது இலட்சக்கணக்கானோரின் நோய்கள் தலைப்புச் செய்தியாயின. சில நூறு பேரின் ஊசிக்காக யார் தெருவில் இறங்குவார்கள்? நோயாளியே வாய்திறக்க வெட்கப்படும் நோய் இது.

ஆகவே கேட்கிறேன். பதினான்கு வயதிலும் பருவ மாற்றம் தொடங்காத பையனை வைத்தியரிடம் அனுப்பும்படி ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை கிளினிக்குகளில் அமர்த்துங்கள். வயது போய்விட்டது என்று எண்ணி ஒதுங்கியிருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு, இப்போது தொடங்கினாலும் பயனுண்டு என்று அறிவியுங்கள். பெற்றோரே, தரகரைத் தேடுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். உண்மை தெரியாமல் வாழ்க்கைப்படப்போகும் அந்தப் பெண்ணுக்கும் நீங்கள் பதில் சொல்லவேண்டியிருக்கும்.