காலடிக் கல்லும் கணித்திரையும்

பாறைகளையும் கனிமங்களையும் இணையத்தில் ஆய்ந்து வருகவென்று கொங்குநாட்டு மாணவனைப் பணித்தால் அவன் எதனைக் கொணர்கின்றான்? மேலைநாட்டுச் சுரங்கங்களின் வண்ணப்படங்களை! காங்கேயத்தையடுத்த படியூர் மண்ணில் பெரில் என்னும் நீலப்பச்சை மணிக்கல் கிடைத்ததை அவன் அறியான். நொய்யற்கரைக் கொடுமணலில் மணிக்கற்களை அறுத்துத் துளையிட்டமைக்கான சான்றுகளை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்ததையும் அறியான். பதிற்றுப்பத்துச் சுட்டும் கொடுமணம் அவ்வூரே என்பர் ஆய்வாளர். குற்றம் மாணவனுடையதன்று, தேடும் முறையைக் கற்பியாத நம்முடையதே!

ஆசிரியப் பெருமக்களே! முதலில் கல்லை அவன் கையிற் கொடுங்கள். எடுத்த இடம், நிறம், வடிவு, கீறினால் விளைவது ஆகியவற்றைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். அதன்பின் திரையைத் திறக்கட்டும். பளிங்கு என்று தேடினால் சலவைக்கற் படங்களும் வந்து மயக்கும். பழந்தமிழ்ப் பளிங்கு ஒளி ஊடுருவும் கல். அது கண்ணாடியையே கீறும். சலவைக்கல்லோ கத்திக்கே இடங்கொடுக்கும். திரை மயக்கியதைக் கை தெளிவிக்கும். மோசு என்பார் 1812இல் வகுத்த கடினவரிசையில் முன்னதற்கு 7, பின்னதற்கு ஏறத்தாழ 3 என்பதை அவன் பின்னர்க் கற்றால், மறவான்.

அடுத்து, எழுதியவர் யார், சான்று யாதென்று வினவப் பழக்குங்கள். பாறை பரவிய நிலத்தை அறிய, 1851இல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் நிலப்படங்கள் உள்ளன. கலைச்சொல் அறியத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தொகுப்புகள் உள்ளன. ஒரு பக்கம் கூறுவதை மற்றொன்றோடு ஒப்பிடாமல் ஏற்றல் ஆய்வாகாது.

இவ்வளவுகோல் நமக்கும் உரியதே. பெரில் என்னும் சொல்லின் வேர் தமிழினமொழிகளில் உள்ளதென்று அறிஞர் சிலர் கருதுவர். அதனை முடிந்த முடிபென்று முழங்கும் பக்கங்கள் இணையத்தில் பெருகினும், கருத்தைக் கருத்தென்றே மாணவன் எழுதுக. இந்திய மண்ணின் பெரிலைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமர் பிளினி தம் நூலிற் குறித்துள்ளார். கொங்கு மண்ணில் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. இத்துணைச் சான்றுடைய நமக்குப் பொய்ப்புகழ் எதற்கு?

பிறர் எழுதியதைப் படியெடுப்பவன் அடிமை. சான்றின்றிப் பெருமை பேசுபவன் பேதை. தன் காலடிக் கல்லைத் தானே ஆய்ந்து, தன் மொழியில் எழுதுபவனே தமிழ் மாணவன். அவனை உருவாக்குவோம்!