பெண்கூலி என்றொரு கூலி

எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் கூலி இருவகைப்படும்: ஆண்கூலி, பெண்கூலி. மழை பொய்த்தாலும் இந்தப் பாகுபாடு பொய்ப்பதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இதை வழக்கம் என்கிறோம். அநீதி என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. தம் துறையில் அப்படிச் சொல்லத் துணிந்த ஒரு பெண்ணை இங்கே நினைவுகூர வேண்டும். அவர் களைக்கொத்தி பிடித்தவர் அல்லர், மட்டை பிடித்தவர்.

சென்னையைச் சேர்ந்த தீபிகா பள்ளிக்கல் ஸ்குவாஷ் வீராங்கனை. நான்கு சுவர்களுக்குள் சிறு ரப்பர் பந்தை மாறி மாறிச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம் அது. 2011இல் அவர் தேசியப் பட்டம் வென்றார். 2012இல் உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண்ணானார். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவுடன் இணைந்து இரட்டையர் தங்கம் வென்றார். இத்தகையவர் 2012 முதல் 2015 வரை தேசியப் போட்டியில் கால்வைக்க மறுத்தார். ஏன்? 2015இல் கேரளத்தில் நடந்த போட்டியில் ஆடவர் வெற்றியாளருக்கு 1,20,000 ரூபாய். மகளிர் வெற்றியாளருக்கு 50,000 ரூபாய். அதே களம், அதே பந்து, ஐந்து சுற்றுகளில் மூன்றை வெல்லவேண்டும் என்ற அதே விதி. பரிசு மட்டும் வேறு! 2016இல் பரிசுத்தொகை சமமாக்கப்பட்டது. அவர் திரும்பி வந்தார், பட்டமும் வென்றார்.

"வசதியுள்ள பெண், பணத்துக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?" என்பர் சிலர். வசதி இருந்ததால்தான் நான்கு ஆண்டுப் பட்டங்களை இழந்தும் அவரால் மறுக்க முடிந்தது. நம் காட்டில் மிளகாய்ப் பழம் பறிக்கும் பெண் ஒரு நாள் மறுத்தால், அன்று மாலை அவர் வீட்டில் உலை கொதிக்காது. மறுக்க இயலாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது கிறிஸ்தவ அறமாகுமா?

"ஆண் செய்வது கடின வேலை" என்பது அடுத்த வாதம். ஏர் பிடித்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்திருக்கலாம். இன்று உழவு டிராக்டருக்குப் போய்விட்டது, ஆண்கூலி குறைந்ததா? வெயிலில் முதுகு நிமிராமல் களையெடுப்பது எளிய வேலை என்றால், அந்த எளிய வேலைக்கு ஆண்கள் ஏன் வருவதில்லை? நாம் வேலையை எடைபோட்டுக் கூலி தருவதில்லை. செய்பவர் யார் என்று பார்த்துத் தருகிறோம்.

"மானாவாரி விவசாயத்தில் கட்டுப்படியாகாது" என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. நட்டம் உண்மைதான். அந்த நட்டத்தைப் பெண் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்று நாடு 1976இலேயே சட்டம் இயற்றியது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலையில் இருபாலருக்கும் ஒரே கூலி என்றாயிற்று. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் பெண்களுக்கு எழுதிய மடலில், சம வேலைக்குச் சம ஊதியத்தை வலியுறுத்தினார். மடலை மதிக்கிறோம், கூலி கொடுக்கும் மாலை வேளையில் மறந்துவிடுகிறோம்.

மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையைத் திருப்பலியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கடைசியில் வந்து ஒரு மணி நேரமே உழைத்தவருக்கும் அந்த நிலக்கிழார் முழுத் தெனாரியம் கொடுத்தார். அவரில் இறைவனின் சாயலைக் காண்கிறோம். முழு நாளும் உழைத்த பெண்ணுக்குக் குறைகூலி கொடுக்கும் நம்மில் யாருடைய சாயலைக் காண்பது?

ஐப்பசி மழை விழுந்ததும் களையெடுப்பு தொடங்கும். நிலமுள்ள இறைமக்களே, நம் புஞ்சைகளிலேனும் ஆண்கூலி, பெண்கூலி என்னும் இரு சொற்களை விட்டொழிப்போம். கூலி என்னும் ஒரு சொல் போதும்.