லாரி இல்லாத லாரிக் கம்பெனிகள்

பிள்ளைகள் வடக்கே வேலை பார்க்கும் வீடுகளில் இப்போது ஒரு புதுத் தலைவலி. பையனுக்கு வெளிநாட்டுக்கு மாற்றல் வருகிறது, அல்லது பெண் புது வண்டி வாங்குகிறாள். பழைய காரை விற்க மனசு வருவதில்லை. "அப்பாவுக்கு இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்வர உதவும்" என்று ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். அந்தக் காரை ஏற்றி வந்து வாசலில் இறக்குகிறேன் என்று சொல்லும் கம்பெனிகளைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவன். எங்கள் காலத்தில் எல்.ஆர். என்கிற லாரி ரசீதுதான் வேதம். யார் சரக்கு, எத்தனை உருப்படி, எங்கே போகிறது, வாடகை எவ்வளவு, கட்டியாச்சா, இறக்குமிடத்தில் கட்டணுமா எல்லாம் அதில் இருக்கும். அதில் எழுதாத ஒரு ரூபாயை இறக்குமிடத்தில் கேட்டால் அந்தக் கடைக்காரர் மறுபடி நம் ஆபீஸ் படியேற மாட்டார். தார்ப்பாய் கிழிந்து மூட்டை நனைந்தால் முதலாளியே நேரில் போய்ப் பேசி முடிப்பார். பாடி கட்டுவதிலிருந்து கேஸ் டேங்கர் ஓட்டுவது வரை நாமக்கல்லுக்கு இந்தியா முழுக்க ஒரு பேர் இருக்கிறது என்றால், அது இப்படிச் சேர்த்த பேர்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். போன தை மாசம் என் மகன் குர்கானிலிருந்து காரை அனுப்பினான். எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய், பத்து நாளில் வீட்டு வாசலில் டெலிவரி என்று பேச்சு. 5,000 முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நாள் சேலத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான்.

"சார், வண்டி யார்டுல இருக்குங்க. ஹால்டிங் சார்ஜும் மலைப்பாதை சார்ஜும் சேர்த்து 9,500 எக்ஸ்ட்ரா ஆகுங்க. அதைக் கட்டினாத்தான் வண்டியை வெளியே விடச் சொல்லியிருக்காங்க."

மலைப்பாதை சார்ஜாம்! காரவள்ளி மலைமேல் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் ஆரம்பிக்கின்றன. ஏறாத மலைக்கு வாடகை கேட்ட முதல் கம்பெனி இதுவாகத்தான் இருக்கும்.

பணம் பிடித்த கம்பெனிக்குப் போன் செய்தால், "நாங்க புக்கிங் மட்டும்தான் சார், டிரெய்லர் வேற பார்ட்டியோடது" என்றார்கள். டிரெய்லர் பார்ட்டியோ, "எங்களுக்கு வர வேண்டியது இன்னும் வரலை" என்றார். யார்டுக்காரர் இரண்டு பேரையும் கை காட்டினார். முன்பணம் வாங்கும்போது ஒரே ஆளாக இருந்தவர்கள், பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் மூன்று பேராகிவிட்டார்கள்.

என் கோபம் இங்கேதான். இந்தக் கம்பெனிகள் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு டிரெய்லர்கூடக் கிடையாது. ஒரு போன் நம்பரும் பளபளப்பான விளம்பரமும்தான் முதல். அடிமாட்டு விலை சொல்லி ஆர்டரைப் பிடிக்கிறார்கள். பிறகு யாரிடம் இடம் காலியிருக்கிறதோ அவரிடம் தள்ளிவிடுகிறார்கள். ஒரு டிரெய்லரில் ஆறு, எட்டு கார் ஏறும். அது நிரம்பும் வரை நம் வண்டி வெயிலில் கிடக்கும். பெரிய ஊர் வரைதான் டிரெய்லர் வரும், அங்கிருந்து யாரோ ஒரு டிரைவர் ஓட்டிக்கொண்டு வருவார். குறைத்துச் சொன்ன வாடகையை நம் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் வசூல் செய்வார்கள். இதற்கு வியாபாரம் என்று பேர் வைக்காதீர்கள். பேசிய வாடகையில் பாக்கியை இறக்குமிடத்தில் கேட்பது அவர்கள் உரிமை. பேசாத காசுக்கு வண்டியைப் பிணையாக வைப்பது அடாவடி.

"நாங்க புரோக்கர்தான்" என்று தப்பிக்கச் சட்டத்திலும் இடமில்லை. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட பழைய சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்தது. சரக்கு ஏற்றுபவர் என்றால் யார் யார் என்று அதில் விளக்கம் இருக்கிறது. புக்கிங் கம்பெனி, காண்ட்ராக்டர், ஏஜென்ட், புரோக்கர் எல்லாரும் அதற்குள் அடக்கம். பதிவு செய்துகொள்ளாமல் யாரும் இந்தத் தொழிலைச் செய்யவே கூடாது. ஆக, பணம் வாங்கியவன்தான் பதில் சொல்ல வேண்டும். டிரெய்லர் யாருடையது என்பது நமக்குத் தேவையில்லாத கதை.

சிலர் கேட்கிறார்கள், "இதெல்லாம் சகஜம்தானே, அஞ்சாயிரமோ பத்தாயிரமோ போனால் போகட்டும்" என்று. போகட்டும் என்று விட்டதால்தான் இது வளர்ந்தது. பத்தில் எட்டு பேர் அலைச்சலுக்குப் பயந்து கட்டிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் வயசும் அவர்களுக்குத் தெரியும். சேலம் யார்டுக்கும் வீட்டுக்கும் நாலு தடவை பஸ் ஏறி அலைய முடியாத ஆட்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார்கள்.

இன்னும் சிலர், ரயிலில் போட்டிருக்கலாமே என்கிறார்கள். பைக்கை ரயில் பார்சலில் போடலாம். கார் என்றால், தயாரிக்கும் கம்பெனிகள் புது வண்டிகளை மொத்தமாக ரயிலில் அனுப்புகின்றன. நம் ஒற்றைப் பழைய காருக்கு ரோடுதான் கதி. டெல்லியிலிருந்து வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம் என்று வந்து நாமக்கல் வழியாகத்தான் கன்னியாகுமரிக்குப் போகிறது. நேர் ரோடு இருக்கிறது, நேர்மையான ஆள்தான் வேண்டும்.

நான் கூடுதல் பணம் கட்டவில்லை. அந்தச் சட்டத்தைச் சொல்லி, பேசிய தொகைக்கான செய்தி நகலையும் இணைத்து, பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன், மின்னஞ்சலிலும் அனுப்பினேன். நாலாம் நாள் பேசிய வாடகைக்கே கார் வந்தது. ஆனால் மீட்டரில் 290 கிலோமீட்டர் கூடியிருந்தது. ஒப்படைக்கும்போது மகன் மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருந்ததால் தெரிந்தது. கணக்குப் போட்டால் பெங்களூரிலிருந்து ஓட்டியே வந்திருக்கிறார்கள். கொண்டுவந்த டிரைவர் தம்பி பாவம், முந்நூறு ரூபாய் பேட்டாவுக்கு வந்தவன். அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? டீ கொடுத்து அனுப்பினோம்.

ஆகவே, உங்கள் வீட்டுக்கும் கார் வருவதாக இருந்தால் பிள்ளைகளிடம் போனில் இதைப் படித்துக் காட்டுங்கள். முன்பணத்துக்கு முன்னால் பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பார்க்கட்டும். மொத்தத் தொகை, டெலிவரி இடம், கடைசித் தூரத்தை ஓட்டி வருவார்களா ஏற்றி வருவார்களா, எல்லாம் ரசீதில் இருக்கட்டும். வண்டியின் மதிப்பையும் எழுதச் சொல்லுங்கள். சாதாரண வாடகையில் அனுப்பினால், சேதத்துக்கு அவர்கள் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான். 21,000 வாடகை என்றால் 2,10,000. அதற்கு மேல் வேண்டுமென்றால் கூடுதல் ரிஸ்க் கட்டணம் கொடுத்து எழுதி வாங்க வேண்டும்.

'டிரான்சிட் இன்சூரன்ஸ்' என்று தனியாகப் பணம் கேட்டால் பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள். நம் காரின் ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ரோட்டிலோ ரயிலிலோ ஏற்றிப் போகும்போது ஆகும் சேதமும் பொதுவாக அதிலேயே அடங்கும்.

வண்டியில் சேதம் இருந்தால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வழக்கே போட முடியாது. நுகர்வோர் உதவி எண் 1915. கம்பெனி குர்கானில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

அரசாங்கத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். பதிவு எண் இல்லாமல் எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்ய விடாதீர்கள். லாரித் தொழிலில் இருக்கும் நம் ஊர்க்காரர்களும் இதைக் கேட்க வேண்டும். லாரியே இல்லாதவன் செய்கிற அட்டூழியத்துக்கு, "லாரிக்காரனே இப்படித்தான்" என்று கெட்ட பேர் வாங்குவது அவர்கள்தான்.