இரண்டாவதாக வந்த பையன்

2004இல் வந்த 'செயின்ட் ரால்ஃப்' என்ற கனடியப் படத்தில், ஓட்டம் தண்டனையாகத்தான் ஆரம்பிக்கிறது. ஹாமில்டன் நகரம், 1950களின் கத்தோலிக்கப் பள்ளி. பதினான்கு வயது ரால்ஃபின் சேட்டை பொறுக்காமல் தலைமைப் பாதிரியார் அவனை ஓட்டக் குழுவில் தள்ளிவிடுகிறார். அப்பா இல்லை, அம்மா நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கிறாள். அற்புதம் நடந்தால்தான் பிழைப்பாள் என்று கேட்டவன், 1954 பாஸ்டன் மாரத்தானில் ஜெயிப்பதே அந்த அற்புதம் என்று தானாக முடிவுகட்டிவிடுகிறான். கடவுளோடு பேரம் பேசும் வயசு! பேரத்தின் அபத்தம் தெரிந்தும் பயிற்சி தர முன்வரும் இளைய பாதிரியார் ஹிபர்ட்தான் எனக்குப் பிடித்த பாத்திரம். முன்னாள் ஓட்டக்காரர், நீட்சேயை வகுப்பில் பேசுபவர். இயக்குநர் மைக்கேல் மெக்கோவனே டெட்ராய்ட் மாரத்தானை வென்றவர் என்பதாலோ என்னவோ, அந்த மூச்சிரைப்பில் நடிப்பு தெரியவில்லை. கடைசியில் ரால்ஃப் தோற்கிறான், மயிரிழையில். கோப்பையைக் கையில் கொடுத்து விசுவாசத்துக்குச் சான்றிதழ் எழுதும் விளையாட்டுப் படங்களைவிட இது எவ்வளவோ மேல். அம்மா கண் விழிப்பதையும் காட்டாமல் விட்டிருக்கலாம். அங்கே மட்டும் படம் கொஞ்சம் பயந்துவிட்டது.