ஸ்ரீயை அழித்தால்தான் கோட் சுத்தமாகுமா?

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று உங்கள் அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். மூன்று என்பார். பைத்தனிடம் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும்.

பைத்தன் பிழை விடவில்லை. அது எழுத்தை எண்ணவில்லை, யூனிகோட் துண்டுகளை எண்ணுகிறது: த, ம, இகரத்தின் விசிறி, ழ, மேலே வைக்கும் புள்ளி. 1991இல் யூனிகோட் வந்தபோது, இந்தியாவின் இஸ்கி முறையைப் பின்பற்றி, தமிழுக்கு 128 இடங்கள் உள்ள ஒரு கட்டத்தை ஒதுக்கினார்கள். 247 எழுத்தையும் அதற்குள் தனித்தனியாக வைக்க முடியாது. அதனால் உயிர்மெய் எல்லாம் துண்டுகளாகத்தான் கொம்பியூட்டருக்குள் கிடக்கிறது. ஸ்விஃப்ட் மொழியோ துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து மூன்று என்று சரியாகச் சொல்லும். "ஒரு துண்டு, ஓர் எழுத்து" என்பது ஆங்கிலத்தில் மட்டும் பார்த்தால் வருகிற நினைப்பு. இங்கே வெக்ஸ்போர்டில் லோரன்ஸ் அவெனியூ வழியே நடந்து, கடைப் பலகைகளில் உள்ள அரபு எழுத்துகளைப் பார்த்தாலே அந்த நினைப்பு போய்விடும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் சித்தியின் மகன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சொல் விளையாட்டு செய்கிறான். 11ஆம் வகுப்புப் பெடியன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெட்டி, சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டின் நடுவில் இருப்பது ஒரு சின்ன ஃபங்ஷன்: சொல்லைக் கொடுத்தால் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லி எனக்கு அனுப்பினான். வேலையில் இருக்கும் ஒரு நண்பனுக்கும் அனுப்பியிருந்தான்.

ஃபங்ஷனின் பெயர் "செய்". எதைச் செய்கிறது என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப். உயிர்க்குறிகளைக் கையால் எழுதிய ஒரு பட்டியல். பிரிக்கிற வேலையின் நடுவிலேயே திரையில் பெட்டி வரைகிற வேலையும். கடைசியில் தனியாக இரண்டு வரி: ஸ்ரீ வந்தால் ஒரே பெட்டியில் போடு.

நண்பன் போட்ட ரிவியூ ஒரே வரிதான். "இந்த ஸ்ரீ வரிகளை எடுத்துவிடு, கோட் சுத்தமாகும்."

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ரீஃபாக்டர் என்றால் வெளியே தெரிகிற நடத்தை மாறாமல் உள்ளே உள்ள அமைப்பைத் திருத்துவது. மார்ட்டின் ஃபௌலர் 1999இல் இந்தப் பெயரிலேயே எழுதிய புத்தகம், ஒரு வீடியோக் கடையின் பில்லைக் கணக்குப் பார்க்கிற சின்ன ஃபங்ஷனோடு தொடங்குகிறது. (வீடியோக் கடை என்றால் என்ன என்று உங்களில் பலர் கேட்பீர்கள். 2018இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை நாடகக் குழுவாக மாற்றிவிட்டார்.) அங்கேயும் முதல் வேலை டெஸ்ட்தான், திருத்தம் அதற்குப் பிறகு. டெஸ்ட் இல்லாமல் இரண்டு வரியை அழிப்பதற்குப் பெயர் ரீஃபாக்டர் இல்லை. ஸ்ரீதரன் என்ற பெயருள்ள ஒரு பிள்ளை தன் பெயரைப் போட்டுப் பார்க்கும்போது அது இரண்டாக உடைந்து நிற்கும், அவ்வளவுதான் நடக்கும்.

ஆகவே தம்பியிடம் கோடைத் தொடாதே, முதலில் டெஸ்ட் எழுது என்றேன். முதல் டெஸ்ட் சுலபம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம்: 247ஐயும் ஒவ்வொன்றாகக் கொடு, ஒவ்வொன்றுக்கும் விடை ஒன்று என்று வர வேண்டும். ஓட்டினான். சரியாக 18 தோற்றது. கௌ, ஙௌ, சௌ என்று ஔகார வரிசை முழுக்க. கையால் எழுதிய பட்டியலில் அந்தக் குறி விடுபட்டிருந்தது. கௌரி என்று ஒரு பிள்ளை வந்திருந்தால் அவளுக்கு மூன்று பெட்டி கிடைத்திருக்கும். இது திருத்த வேண்டிய பிழை. ஆனால் பிழை திருத்துவதும் அமைப்பை மாற்றுவதும் இரண்டு வேலை. இரண்டையும் ஒரே கமிட்டில் போட்டால், நாளைக்கு ஏதாவது உடையும்போது எதனால் உடைந்தது என்று தெரியாது.

அடுத்தது கொக்கு. இதில்தான் எனக்கு ஆர்வம் கூடியது. கொ என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே துண்டாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கும் மூன்று எழுத்துத்தான் வரும், டெஸ்ட் பச்சை காட்டும். ஆனால் ஒன்றையும் மற்றதையும் சமமா என்று கேட்டால் பைத்தன் இல்லை என்கிறது. பிள்ளை சரியான விடையைத் தட்டியும் விளையாட்டு பிழை என்று சொல்லும்! எண்ணிக்கையை மட்டும் சோதித்தால் இது பிடிபடாது. சொல்லை உள்ளே எடுத்தவுடன் என்எஃப்சி முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி போதும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் துப்புரவு. பெயரை "எழுத்துகளாகப்_பிரி" என்று மாற்றினான் (பைத்தன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், தயங்க வேண்டாம்). பெட்டி வரைகிற வேலை வேறு ஃபங்ஷனுக்குப் போனது. ஒவ்வொரு துண்டும் சேரும் குறியா இல்லையா என்பது யூனிகோட் அட்டவணையிலேயே இருக்கிறது, பைத்தன் அதைப் படித்துச் சொல்லும். அதனால் பட்டியலே தேவையில்லாமல் போனது. குறி என்றால் முந்திய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்கு. மூன்று இஃப்பும் ஒன்றானது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டெஸ்ட் ஓடியது.

ஸ்ரீ வரிகள் நின்றன. அதோடு ஒரு வரி கூடியது. 2005இல் யூனிகோட் 4.1 ஶ என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு, ஸ்ரீயை எழுத இரண்டு வழி வந்துவிட்டது: பழையது ஸ் போட்டு, புதியது ஶ் போட்டு. இரண்டும் நம் பெயர்களில் புழங்குகின்றன.

உண்மையான வேலைக்கு இதையெல்லாம் நீங்களே எழுத வேண்டாம். எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் செய்த ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இதே வேலைக்கு ஃபங்ஷன் இருக்கிறது, டெஸ்டுகளும் திறந்தே கிடக்கின்றன. ஆனால் ஒருமுறை நீங்களே எழுதிவிட்டு அதைப் போய்ப் பாருங்கள்.

"எனக்குத் தமிழ் அவ்வளவு வராது, நான் என்ன செய்வது" என்று எழுதும் வாசகர்களுக்கு ஒன்று. டெஸ்டின் விடை கோட் எழுதுகிறவரிடமிருந்து வர வேண்டியதில்லை. எங்கள் டெஸ்டில் பாதி அம்மம்மா சொன்னது. சொல்லைச் சொன்னோம், விரல் விட்டு எண்ணி விடையைச் சொன்னார், தம்பி தட்டினான். அவருக்குப் பைத்தன் என்றால் பாம்பு. ஆனாலும் ஃபங்ஷனைப் பத்துமுறை மாற்றி எழுதினாலும் அவர் சொன்ன எண்கள் அப்படியே இருக்கும். வேறு யாருடைய மென்பொருளாக இருந்தாலும், நாலு தமிழ்ச் சொல்லை டெஸ்டாக அனுப்பிப் பாருங்கள். சிறிய பங்களிப்புத்தான், ஆனால் அது ஏற்கப்பட்ட பிறகு நம் எழுத்தைத் தெரியாமல் யாராலும் உடைக்க முடியாது.

லக்ஷ்மியில்தான் இழுபறி. க்ஷ ஓர் எழுத்து, ஆகவே மூன்று என்கிறார் அம்மம்மா. அது க்கும் ஷவும், ஆகவே நான்கு என்கிறார் வகுப்பு ரீச்சர். இரண்டு பேரும் ஒரு கலியாண வீட்டில் சந்தித்து இதைப் பற்றியே கதைத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. அந்த ஒரு டெஸ்டுக்கு மட்டும் தம்பி "ஸ்கிப்" என்று போட்டு வைத்திருக்கிறான்.