ஏற்றுமதி உதவி: முதல்ல செலவழி, அப்புறம் கேளு!

வெளிநாட்டுக்குப் பொருள் விற்க என்ன வேணும்? ஐஇசி எண். கட்டணம் 500 ரூபாய். பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருந்தால் ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். சுவாமிமலையில் சிலை வார்ப்பவரும், தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை செய்பவரும் ஏற்றுமதியாளர் ஆகலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

அரசு என்ன தருகிறது?

2022 இறுதியில் அஞ்சலகங்களில் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' மையங்கள் தொடங்கின. சுங்க ஆவணத்தை ஆன்லைனில் தாக்கல் செய்துவிட்டு, பார்சலை ஊரிலுள்ள மையத்திலேயே கொடுக்கலாம். துறைமுகத்துக்கு அலைய வேண்டாம். 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை, ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கு 25,060 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. ஒரு பக்கம் கடன் உதவி. இன்னொரு பக்கம் தரச் சான்று, பேக்கேஜிங், கண்காட்சி உதவி.

அப்புறம் என்ன சிக்கல்?

'குறு நிறுவனம்' என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கு. 2025 ஏப்ரல் முதல், முதலீடு 2.5 கோடி, ஆண்டு விற்பனை 10 கோடி வரை இருந்தால் குறு நிறுவனம்தான். வீட்டு வாசலில் குடும்பமாக உட்கார்ந்து பொம்மைக்கு வர்ணம் பூசுபவரும், 9 கோடிக்கு விற்பவரும் ஒரே வரிசை. ஆடிட்டர் வைத்திருப்பவர் விண்ணப்பம்தான் முதலில் போகும்.

அடுத்தது, பணம் வரும் நேரம். கண்காட்சிக்கான விமான டிக்கெட் போன்ற உதவி, பெரும்பாலும் செலவழித்த பிறகு ரசீது காட்டி வாங்குவது. கையிருப்பையெல்லாம் அடுத்த சிலைக்கான உலோகத்தில் போட்டவர், வட்டிக்கு வாங்கித்தான் விமானம் ஏறணும்.

2025-ல் நடந்ததைப் பாருங்கள். 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை ஆகஸ்ட் 29-ல் அமெரிக்கா நிறுத்தியது. அதையொட்டி ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. மறுபடி தொடங்கியது அக்டோபர் 15-ல். நவராத்திரி தொடங்கியதோ செப்டம்பர் 22. கொலு பொம்மை சீசன் முழுசா அதற்குள் போய்விட்டது. பெரியவர்கள் தனியார் கூரியருக்கு மாறலாம். அஞ்சலை மட்டும் நம்பியவர் என்ன செய்வார்?

என்ன செய்யலாம்?

ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் விற்பவர்களைத் தனி அடுக்காகப் பிரித்து, அவர்களுக்கென நிதி ஒதுக்கணும். கண்காட்சி உதவியில் பாதியை முன்பணமாகத் தரணும். அஞ்சல் வழி அடைபட்டால் கூரியர் கட்டண வித்தியாசத்தை ஈடுகட்டணும்.

முன்பணம் கொடுத்தால் ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்கலாம். ஐஇசி எண், பார்சல் பதிவு, வங்கிக்கு வரும் அந்நியச் செலாவணி எல்லாமே கணினியில் இருக்கிறது. கண்காணிப்பது கஷ்டமில்லை. ஏற்றுமதிக்கான கதவை அரசு திறந்துவிட்டது, சரி. வாசல் வரை வர பஸ் காசு இல்லாதவரையும் கணக்கில் எடுத்தால்தான் அது சிறியவர்களுக்கான திட்டம்.