ஈரக் குழாய்களுக்கு ஒரு கோபுரம்

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் அந்தக் கட்டடம் ஒன்றிலாவது தலைகாட்டிவிடும். ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரம், ஹில் ஸ்திரீட், ஆர்மீனியத் தேவாலயத்துக்குப் பக்கத்தில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, உச்சியில் ஒரு கோபுரத்தோடு நிற்கும் மத்திய தீயணைப்பு நிலையம். படத்தைக் காட்டுபவர் கூடவே ஒரு விளக்கமும் சொல்வார். "பழைய ஃபயர் ஸ்டேஷன்ங்க. சிங்கப்பூர்ல தீயணைப்பே இங்கதான் ஆரம்பிச்சுது. வண்டி கலருக்குத் தோதா செவப்பு அடிச்சு, அழகுக்கு ஒரு கோபுரம் வெச்சுக் கட்டியிருக்கான் வெள்ளைக்காரன். இப்ப மியூசியம்."

நான்கு செய்திகள். மூன்று தவறு, ஒன்று பாதி சரி.

நிறத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் அதிக வேலை இல்லை. அது யாரும் அடித்த வண்ணம் அல்ல. பூசாமல் விட்ட செங்கல்லின் சொந்தச் சிவப்பு, இடையிடையே வெள்ளைச் சாந்துப் பட்டைகள். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவியிருந்த கட்டடப் பாணி அது. ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'இரத்தமும் காயக்கட்டும்'. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயம் இதே கோலத்தில்தான் நிற்கிறது. அங்கே எந்தத் தீயணைப்பு வண்டிக்குத் தோதாகப் பட்டை போட்டார்கள்?

கோபுர விஷயம் அப்படியல்ல. நின்று பேச வேண்டியது. "அழகுக்கு" என்ற ஒரு சொல்லில் ஒரு தொழிலையே தள்ளிவிடுகிறார்கள்.

இந்த நிலையம் 1908இல் கட்டப்பட்டு 1909இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. செலவு 64,000 டாலர். அன்றைய ஊரில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகள். அவற்றைத் தாண்டினால் பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமான குடிசைகள். எங்காவது புகை கிளம்பினால் அதை முதலில் பார்க்க ஒரு கண் வேண்டும், அந்தக் கண் கூரைகளுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்காகத்தான் கோபுரத்தில் ஆள் நின்றார். அதற்கு முந்தைய காலத்தில் தீ கண்டால் ஃபோர்ட் கேனிங் குன்றிலிருந்து பீரங்கி வெடிப்பார்கள். தீ இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். எங்கே என்பதைப் பீரங்கி சொல்லாது.

இன்னொரு வேலையும் அதே கோபுரத்துக்கு இருந்தது, இதைக் கேட்டால் பலர் சிரிக்கிறார்கள்: துணி காயப்போடுவது. அந்தக் காலத்துத் தண்ணீர்க் குழாய் நெய்த துணிதான், கித்தான் மாதிரி. தீயை அணைத்துத் திரும்பும்போது ஊறிப்போய்ப் பாரமாக இருக்கும். அப்படியே சுருட்டி வைத்தால் மடிப்பில் பூஞ்சை பிடிக்கும், இழை இற்றுப்போகும், அடுத்த தீயில் அழுத்தம் ஏறும்போது நடுவில் பிய்த்துக்கொள்ளும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் இது நடக்க அதிக நாளாகாது. எனவே உயரத்திலிருந்து செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். நீர் வடிய வேண்டும், காற்றுப் பட வேண்டும். ஐம்பது அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள குழாயைத் தொங்கவிட மாமரக் கிளை போதுமா? உலகின் பல பழைய தீயணைப்பு நிலையங்களுக்குக் கோபுரம் முளைத்ததற்கு இந்த ஈரத்துணிதான் காரணம். அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதில் எனக்குக் குறையில்லை.

மற்ற பகுதிகளும் இப்படித்தான். கீழே வண்டிகள், பழுதுபார்க்கும் பட்டறை, பயிற்சிக்கு முற்றம். மேலே வீரர்களும் அவர்கள் குடும்பங்களும் குடியிருந்தார்கள். மணி அடித்தால் ஆள் எங்கிருந்தோ ஓடிவரக் கூடாது, படியிறங்கி வந்தால் போதும் என்ற கணக்கு.

இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் "தீயணைப்பே இங்கேதான் ஆரம்பித்தது" என்கிறார்கள் போலும். நகராட்சியின் தீயணைப்புப் படை 1888இலேயே அமைந்துவிட்டது. கட்டடம் வருவதற்கு இருபது ஆண்டு முன்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த மான்டேகு பெட், முறையாகப் பயிற்சி பெற்ற முதல் கண்காணிப்பாளர். படையைத் தொழில்முறையாக்கியதில் அவர் பங்கு பெரிது. அதை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் 1830 பிப்ரவரியில் ஃபிலிப் ஸ்திரீட்டில் பிடித்த தீ மூன்று நாள் எரிந்தபோது ஊரில் தீயணைப்பு வண்டி ஒன்றுகூட இல்லை. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தவர்கள் கைதிகள். வங்காளத்திலிருந்தும் சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்தும் நாடுகடத்தப்பட்டவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1825 முதல் அங்கே இறக்கியிருந்தது. சாலை போட்டவர்களும், பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியவர்களும் இந்தியக் கைதிகள்தான். ஆரம்பம் எங்கே என்று கேட்டால், அந்த வாளிகளைத்தான் நான் காட்டுவேன்.

கட்டடத்தை மறுபக்கமாகப் புகழ்வோரும் உண்டு. இது எழுந்த பிறகு ஊர் பெருந்தீயிலிருந்து தப்பியது என்பார்கள். தப்பவில்லை. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ அத்தாப்புக் குடியிருப்பு பற்றியெரிந்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். நெருக்கமான கூரைகளுக்கும் குறுகிய சந்துகளுக்கும் எதிரில் எந்தக் கோபுரமும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. அதன்பின் அந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிகளுக்குத்தான் பெருந்தீ குறைந்ததில் அதிகப் பங்கு.

மிச்சம் இருப்பது மியூசியம். பாதி சரி என்றது இதைத்தான். 2001 முதல் கட்டடத்தின் ஒரு பகுதியில் குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் கூடம் இருக்கிறது. 1998 டிசம்பரில் தேசிய நினைவுச்சின்னமாகவும் அறிவித்துவிட்டார்கள். இரண்டையும் பார்ப்பவர், நிலையம் ஓய்வுபெற்றுவிட்டது என்று முடிவுகட்டுகிறார். உண்மையிலேயே ஓய்வுபெற்ற நிலையம் பார்க்க வேண்டுமென்றால் புக்கிட் தீமாவுக்குப் போகலாம். 1956இல் திறந்த நிலையம் 2005இல் பணியை நிறுத்திக்கொண்டது. அதைவிட ஏறத்தாழ ஐம்பது வயது மூத்த ஹில் ஸ்திரீட் நிலையமோ தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் கீழ் இன்றும் பணியில் இருக்கிறது. கோபுரத்தில் காவலாள் இல்லை. சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் அதன் பார்வையை எப்போதோ மறைத்துவிட்டன. கீழே வண்டிகள் மட்டும் தயாராக நிற்கின்றன.

அடுத்த முறை அங்கே படம் எடுப்பவர்கள் வண்டி வெளிவரும் வாசலை மறித்து நிற்க வேண்டாம்.